பொட்டலம் பிரித்த திங்கட்கிழமை

ஆளுயர பீரோவை மாடிப்படியில் ஒரு கீறல் விழாமல் இறக்குகிற ஆள் அவன். அப்பேர்ப்பட்டவன் கையில் பிரசவ வார்டு நர்ஸ் ஒரு குழந்தையை வைத்து, "பொண்ணு பொறந்திருக்கு, பிடிங்க," என்றதும் அவனுக்கு எல்லா வித்தையும் மறந்துபோயிற்று. குழந்தையை மார்போடு அணைக்கத் தோன்றவில்லை. கைகளை நேராக நீட்டி, அதன் மேல் பிள்ளையை ஏந்திக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி நின்றான்.

"ஏங்க, அது டிவி இல்ல. கிட்ட வச்சுக்கங்க," என்றாள் நர்ஸ்.

கட்டிலில் களைத்துக் கிடந்த மனைவிகூட அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "சிரிக்க வைக்காதீங்க, தையல் இழுக்குது," என்று திட்டவும் செய்தாள். நம் ஆளுக்கு எதுவும் காதில் விழவில்லை. செக்கச் செவேலென்று ஒரு முகம், அதில் மூக்கு என்று சொல்ல ஒரு புள்ளி. இத்தனை காலம் இது இல்லாமல் எப்படித்தான் இருந்தோம் என்று நினைத்தான். நினைத்து முடிப்பதற்குள் அந்தப் புள்ளி சுருங்கியது, வாய் திறந்தது, வார்டே அதிர ஓர் அலறல் வந்தது. அவன் வெலவெலத்துப்போய்க் குழந்தையை நர்ஸிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அங்கே பிடித்தது சனி. அதற்குப் பிறகு அவன் தொட்டாலே குழந்தை அழுதது.

அவன் வேலை செய்வது வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில். பேக்கிங் அவன் பொறுப்பு. லாரி டிரைவர் வைத்த பட்டப்பெயர் பொட்டலம். முதலாளி வரைக்கும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கண்ணாடி, பீங்கான், மீன்தொட்டி, மேசை விளக்கு, எதைக் கொடுத்தாலும் தாளிலும் துணியிலும் சுற்றி, பெட்டியில் வைத்து, டேப் ஒட்டிவிடுவான். பெட்டியைக் குலுக்கினால் உள்ளே ஒரு முணுமுணுப்புகூடக் கேட்கக் கூடாது. ஒரு வீட்டுக்காரம்மா, அதைத் தூக்காதே இதைத் தூக்காதே என்று தொணதொணத்துக்கொண்டிருந்த புருஷனைக் காட்டி, "இவரையும் சேர்த்துக் கட்டிடுங்க," என்றபோது, "உயரம் எவ்வளவும்மா?" என்று டேப்பை இழுத்தவன். ஆனால் கைக்குள் அடங்குகிற ஒரு பிள்ளையிடம் அவன் பருப்பு வேகவில்லை.

வீட்டில் உதவிக்கு வந்திருந்தவள் மனைவியின் அக்கா. பள்ளிக்கூட டீச்சர், விடுமுறையோடு இன்னும் கொஞ்சம் லீவையும் சேர்த்துப் போட்டுவிட்டு வந்திருந்தாள். நல்ல மனுஷி, குறை சொல்லக் கூடாது. ஆனால் குழந்தை அவன் கையில் ஒரு சிணுங்கல் சிணுங்கினால் போதும், எந்த மூலையில் இருந்தாலும் "கொண்டாங்க தம்பி இங்க" என்று வந்து நின்றுவிடுவாள். வாங்கித் தோளில் போட்டு இரண்டு தட்டுத் தட்டுவாள். ராட்சசி கப்பென்று அடங்கிவிடுவாள்.

"பாத்தீங்களா? ஒண்ணுமே இல்ல," என்பாள் டீச்சரக்கா.

ஒன்றுமே இல்லாததைத் தன்னால் செய்ய முடியவில்லையே என்று அவன் மாடிக்குப் போய்த் துணி காயப்போடுவான். அதுதான் அவனுக்கு ஒதுக்கப்பட்ட இலாகா. துவைப்பது, காயப்போடுவது, பாட்டில் கொதிக்க வைப்பது, கடைக்கு ஓடுவது. சின்னச் சின்னச் சட்டைகளைக் கிளிப் போட்டு வரிசையாக மாட்டுவான். அவற்றோடு அவனுக்கு நல்ல பழக்கம் இருந்தது. சட்டைக்குள் இருக்கிற ஆளோடுதான் இல்லை.

"எம்பொண்ணுக்கு என்னைப் பிடிக்கல," என்றான் ஒருநாள் லாரியில்.

"பிடிக்காம என்ன? அதுக்கு நீ யாருன்னே தெரியாது," என்றான் டிரைவர். ஆறுதல் சொல்வதாக அவனுக்கு நினைப்பு. கல்லூரிக்குப் போகிற பெண்ணைப் பெற்றவன். "எம்பொண்ணுக்கு என்னை நல்லாத் தெரியும். அதான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போவுது."

இப்படியே போயிருந்தால் நம் ஆள் மொட்டைமாடியிலேயே குடியேறியிருப்பான். காப்பாற்றியது ஒரு குளியல்.

மனைவி குளிக்கப் போயிருந்தாள். டீச்சரக்கா கடைக்குப் போயிருந்தாள். தூங்கிக்கொண்டிருந்த குழந்தை சொல்லிவைத்தாற்போல அப்போதுதான் விழித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தது. தூக்கினான், அழுதது. கிடத்தினான், அதைவிட அழுதது. கைகள் இரண்டும் காற்றில் அடித்துக்கொண்டன. அடித்த கை கண்ணில் பட்டு, அதற்கொரு தனி அழுகை. கொடுப்பதற்கு ஆள் யாரும் இல்லை. பைத்தியம் பிடிக்காத குறை. அந்த நேரத்தில் அவனை அறியாமலே அவன் கை கொடியில் கிடந்த மெல்லிய பருத்தித் துணியை உருவியது. கட்டிலில் விரித்து, ஒரு முனையை மடித்து, குழந்தையை நடுவில் கிடத்தி, இந்தக் கையை இப்படி, அந்த ஓரத்தை அப்படி, கால் பக்கம் கொஞ்சம் தளர்வாக, கடைசி முனையை முதுகுக்கடியில்! பூச்சாடி சுற்றுகிற அதே சுற்று. டேப் ஒட்டாததுதான் பாக்கி.

குழந்தை நிறுத்தியது. அவனை ஒரு பார்வை பார்த்தது. பெரிதாக ஒரு கொட்டாவி விட்டது. தூங்கிவிட்டது.

மனைவி ஈரத்தலையோடு ஓடிவந்தாள். "என்னங்க ஆச்சு? ஏன் சத்தத்தையே காணோம்?"

"தூங்குது," என்றான். அவனாலேயே நம்ப முடியவில்லை. "நான்தான் தூங்க வச்சேன்."

அவள் எட்டிப் பார்த்தாள். கட்டிலில் கச்சிதமாக ஒரு பொட்டலம். அதன் மேல் முனையில் மட்டும் ஒரு முகம். "அடப்பாவி," என்றாள். வாயெல்லாம் பல்லாகச் சிரித்து, அவன் கன்னத்தைக் கிள்ளினாள். அவள் கிள்ளி எவ்வளவோ நாளாகியிருந்தது. நம் ஆள் அன்று தரையில் நடக்கவில்லை.

அதன் பிறகு வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம். டீச்சரக்காவும் துணியைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு கை வெளியே வந்தது. மறுபடி சுற்றினாள். இரண்டு கையும் வெளியே வந்தன, குழந்தை அவள் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டது. "கொண்டாங்கக்கா இங்க," என்றான் அவன். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவன் எத்தனை நாள் தவம் கிடந்திருப்பான் என்று நினைக்கிறீர்கள்! மாடிவீட்டுப் பெண் தன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணே, இவனையும் கொஞ்சம் சுத்தித் தாங்க," என்றாள். சுற்றிக் கொடுத்துவிட்டு, "விலாசம் ஒட்டணுமா?" என்றான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தெருமுனையில் லாரியை நிறுத்தச் சொல்லி வீட்டுக்கு ஓடிவந்து பிள்ளையைச் சுற்றிவிட்டு ஓடுவான். "யோவ் பொட்டலம், வண்டில ஒரு குடும்பத்தோட சாமானே கிடக்குது!" என்று டிரைவர் கத்துவான். அவன் காதிலேயே வாங்குவதில்லை.

மனைவி மட்டும், "எனக்கும் சொல்லிக் குடுங்களேன்," என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லிக் கொடுத்தான். ஆனால் தோளுக்கடியில் ஒரு சின்ன உள்மடிப்பு உண்டு. அதுதான் கை நழுவாமல் நிறுத்துவது. அதைச் செய்யும்போது மட்டும் அவன் விரல்கள் ஏனோ அவசரப்படும், உடம்பு குறுக்கே மறைக்கும். அவள் சுற்றினால் கொஞ்ச நேரத்தில் அவிழ்ந்துவிடும். "கைவாகு வரணும்மா," என்பான் பெரிய மனிதன் மாதிரி. எவ்வளவு திருட்டுத்தனம் பாருங்கள்.

அந்தத் துணியின் தைரியத்தில்தான் ஒரு பெரிய ஏற்பாடும் நடந்தது. மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். கண்ணுக்கு அளவெடுத்து லென்ஸ் பொருத்துகிற வேலை. லீவு முடிந்து திரும்பப் போக வேண்டும். மற்ற நாள்களுக்கு மாடிவீட்டுப் பெண் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை அவளுக்கு முடியாது. திங்கட்கிழமைதான் நம் ஆளுக்கு வார விடுமுறை. "நான் பாத்துக்கறேன்," என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். டீச்சரக்கா பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். போகும்போது, "தம்பி, தோத்துப் போயிட்டா வெக்கப்படாம போன் பண்ணுங்க, திங்கட்கிழமை திங்கட்கிழமை நான் வரேன்," என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முன்னால் தடுப்பூசி போடும் நாள் வந்தது.

ஊசி போடுகிற நர்ஸ் பொட்டலத்தைக் கையில் வாங்கினாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "யாருங்க இவ்வளவு அழகாச் சுத்துனது?"

"நான்தாங்க," என்றான், நெஞ்சு சட்டைப் பொத்தானைத் தள்ளியது.

"ரொம்ப நல்லாருக்கு. பிள்ளை புரள ஆரம்பிச்சிருச்சா?"

"ஒருபக்கமா சாயறா," என்றாள் மனைவி.

"அப்ப இன்னையோட நிறுத்திடுங்க."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "எதங்க?"

"சுத்துறத. புரளும்போது குப்புற விழுந்தா, கை உள்ள இருந்துச்சுன்னா முகத்தைத் தூக்க முடியாது. மூச்சு முட்டும்."

"லேசா சுத்துனா?"

"லேசாவும் வேணாம். அவ கை அவளுக்கு வேணும் சார்," என்று நர்ஸ் அடுத்த குழந்தையைக் கூப்பிட்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்கள். குழந்தையின் ஊசி போட்ட காலை வருடிக்கொண்டே மனைவி கேட்டாள், "அந்தத் தோளுக்குக் கீழ ஒரு மடிப்பு இருக்குல்ல? அதை எனக்குச் சொல்லியே தரலைல்ல நீங்க?"

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரியுமா உனக்கு?"

"நான் கண்ணுக்கு அளவெடுக்கறவ. எனக்குப் பார்க்கத் தெரியாதா? ஏன் மறைச்சீங்க?"

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "அதையும் சொல்லிக் குடுத்துட்டா அப்புறம் நான் எதுக்கு? அவளுக்கு என்கிட்ட வேண்டியது அது ஒண்ணுதான். துணிதான் அவளைத் தூங்க வைக்குது. நான் இல்ல."

"லூசு," என்றாள் அவள். ஆனால் திட்டுகிற மாதிரிச் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு, "திங்கட்கிழமைக்கு அக்காவை வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

அவளாகக் கேட்டது நல்லதற்குத்தான். ஆனால் அது அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆமாம் என்று சொன்னால் மறுபடி மொட்டைமாடி, மறுபடி கிளிப்பு. தன் பெண் வளர்ந்து பெரியவளாகி, சட்டைகள் பெரிதாகிப் பெரிதாகி, அவன் கடைசிவரை காயப்போட்டுக்கொண்டே நிற்பது கண்ணுக்குள் வந்து போனது. "வேணாம்," என்றான். "நான் பாத்துக்கறேன்."

திங்கட்கிழமை காலை நன்றாகத்தான் ஆரம்பித்தது. அம்மா பால் எடுத்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். மகள் அதைக் குடித்தாள். ஏப்பம் விட்டாள். அவன் சட்டையில் கொஞ்சம் கக்கினாள். மாற்றிய சட்டையிலும் கக்கினாள். ஜன்னல் திரை அசைவதைப் பார்த்து அவள் சிரிக்க, அவளைப் பார்த்து அவன் சிரிக்க, இவ்வளவுதானா விஷயம் என்று தோன்றியது. பிறகு தூக்க நேரம் வந்தது.

கண்ணைக் கசக்கினாள். கொட்டாவி விட்டாள். கொட்டாவி பாதியில் அழுகையாயிற்று. தோளில் போட்டுத் தட்டினான். டீச்சரக்கா தட்டினால் இரண்டே தட்டு. இவன் தட்டத் தட்ட சுருதி ஏறியது. அறைக்கும் சமையலறைக்கும் நடந்தான். தனக்குத் தெரிந்த பாட்டையெல்லாம் பாடினான். அவன் பாட்டுக்கு யாராக இருந்தாலும் அழத்தான் செய்வார்கள், அது வேறு விஷயம். தொட்டிலில் கிடத்தினால் கைகள் மறுபடி காற்றில் அடித்துக்கொண்டன. முகமெல்லாம் கத்திரிக்காய் நிறமாகிவிட்டது. மேசைமேல் போன் இருந்தது. அக்காவைக் கூப்பிடுவதா? அலமாரியில் அந்தத் துணியும் மடித்து வைத்தபடி இருந்தது.

ஒரு தடவைதானே, கண்ணை எடுக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தான். துணியை எடுத்துத் தரையில் பாய் மேல் விரித்தான். குழந்தையை நடுவில் கிடத்தினான். ஒரு ஓரத்தைக் கையில் எடுத்தபோது, தோளில் கிடந்த கக்கல் துடைக்கும் துண்டு நழுவிக் கீழே விழுந்தது, எட்டி எடுத்தான். அவ்வளவுதான் அவன் திரும்பியது.

அதற்குள் அவள் புரண்டுவிட்டாள்.

வெறும் சாய்தல் இல்லை. முழுசாக, குப்புற. முகம் துணிக்குள் பொத்தென்று புதைந்தது. அவன் கையை நீட்டுவதற்குள் அவள் தன் இரண்டு கைகளையும் முன்னால் ஊன்றினாள். கழுத்து நடுங்க நடுங்கத் தலையைத் தூக்கினாள். துணிநூல் ஒன்று ஒட்டிய மூக்கோடு, உலகத்தையே வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறவள் போல அவனைப் பார்த்தாள். அழுகையைக்கூட மறந்துவிட்டாள்.

விரித்திருந்த துணியை அவன் பார்த்தான். ஒரு மடிப்பு முடிந்திருந்தால்? அந்தக் கை உள்ளே இருந்திருந்தால்? நர்ஸ் சொன்னபோது காதில் விழுந்தது. இப்போதுதான் நெஞ்சில் விழுந்தது. குழந்தையை வாரி எடுத்து, தலையிலும் நெற்றியிலும் மாறி மாறி முத்தம் கொடுத்தான். "எம்பொண்ணு புரண்டுட்டா! யம்மாடி, எம்பொண்ணு தலையத் தூக்கிட்டா!" என்று காலி வீட்டில் கத்தினான். பயமும் சந்தோஷமும் ஒன்றாகக் கலந்து கண்ணில் தண்ணீராக வந்தது. அந்தத் துணியைச் சுருட்டிக் கழுவுகிற பக்கெட்டுக்குள் எறிந்தான்.

எறிந்ததோடு பிரச்சினை தீர்ந்ததா? எங்கே! புரண்ட களைப்பில் அவள் முன்னைவிட உரக்க அழ ஆரம்பித்தாள். இப்போது துணியும் இல்லை, அக்காவும் இல்லை, யோசனையும் இல்லை. அவளைப் பாயில் மல்லாக்கக் கிடத்தி, பக்கத்தில் தானும் ஒருக்களித்துப் படுத்து, முகத்தோடு முகம் வைத்துக்கொண்டான்.

"எனக்கு ஒண்ணும் தெரியலடி," என்றான். "உங்கப்பனுக்குச் சுத்த மட்டும்தான் தெரியும். அதுவும் இனிமே கூடாதாம். வேணும்னா அழு. நான் இங்கதான் இருக்கேன். எங்கயும் போகல. யாருகிட்டயும் குடுக்கமாட்டேன்."

அவள் அழுதாள். அவன் பேசிக்கொண்டே இருந்தான். லாரியைப் பற்றி, டிரைவரைப் பற்றி, ஒரு வீட்டில் பியானோவை ஜன்னல் வழியாக இறக்கிய கதையைப் பற்றி. காற்றில் துழாவிய கை ஒன்று அவன் மூக்கில் அறைந்தது. நல்ல அறை, கண்ணில் பொறி பறந்தது. அவன் முகத்தை நகர்த்தவில்லை. அந்தக் கை திரும்பி வந்தது. உதட்டைத் தொட்டது. பேசுகிற உதடு அசைவதை ஒரு கணம் பொத்திப் பார்த்தது. அழுகை கொஞ்சம் தடுமாறியது. பிறகு விரல்கள் கன்னம் வழியாக ஊர்ந்து போய் அவன் காதைக் கண்டுபிடித்தன. மடலைக் கொத்தாகப் பிடித்தன. இழுத்துப் பார்த்தன. அம்மாடி, என்ன பிடி! அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பியானோவைப் பாதி ஜன்னலிலேயே தொங்கவிட்டுப் பேச்சை நிறுத்தினான். உடனே ஒரு சிணுங்கல். மறுபடி பேசினான். சிணுங்கல் நின்றது. அவன் குரல்தான் அவளுக்கு வேண்டியிருந்தது.

பியானோ தரையில் இறங்குவதற்குள் அவள் தூங்கிவிட்டாள். காதை விடவில்லை.

மேசைமேல் போன் அடித்தது. ஓய்ந்து மறுபடி அடித்தது. எழுந்தால் காது போகும், காது போனால் தூக்கம் போகும். அவன் கூரையைக்கூடப் பார்க்க முடியாமல், கழுத்து மரத்துப்போக, அந்தப் புள்ளி மூக்கு மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

இரண்டு முறை அடித்தும் எடுக்கவில்லையே என்று மனைவி சாப்பாட்டு இடைவேளையில் பதறிக்கொண்டு ஓடிவந்தாள். கதவைத் திறந்தவள் வாசலிலேயே நின்றாள். பாயில் மனிதன் ஒருவன் கோணலாகக் கிடந்தான். சட்டையெல்லாம் பால் கறை. பக்கத்தில் மகாராணி கைகால் பரப்பித் தூக்கம்.

"சத்தம் போடாத," என்று உதட்டோரத்தால் சொன்னான்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை நடையில் வந்து உட்கார்ந்தாள். "துணி எங்க?"

"பக்கெட்ல. புரண்டுட்டாடி. முழுசா. தலையத் தூக்கி என்னைப் பாத்தா."

அவள் கண் விரிந்தது. நான் இல்லாதபோதா என்று கேட்க வாயெடுத்தவள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். "கழுத்து வலிக்கும். நான் பிடிச்சுக்கறேன், எந்திரிங்க," என்று குழந்தையின் விரல்களை மெல்லப் பிரிக்கப் பார்த்தாள்.

தூக்கத்திலேயே அந்த முகம் கோணியது. உதடு பிதுங்கியது. பிரித்த விரல் மறுபடி மூடிக்கொண்டு காதை முன்னைவிட இறுக்கிப் பிடித்தது. அம்மா தன் விரலைக் கொடுத்துப் பார்த்தாள். வேண்டாம் என்று தள்ளிவிட்டது.

"என்கிட்ட வரமாட்டேங்கறா," என்றாள் அவள் ஆச்சரியமாக. "உங்களை விடவே மாட்டேங்கறா."

அவன் சிரிக்கப் பார்த்தான். உடம்பு குலுங்கிவிடுமோ என்று அடக்கினான். அடக்கிய சிரிப்பு கண் வழியாக வந்து, மூக்கைத் தாண்டிப் பாயில் சொட்டியது.

"விடலைன்னா போகட்டும் விடு," என்றான். "எனக்கு எங்க போற வேலை இருக்கு?"